கரிப்பெட்டிக்குள் தீ: மூடியா, இழுப்பா, தண்ணீர்த் தொட்டியா?

என் நிலக்கரி அடுப்பின் கரிப்பெட்டிக்கு ஹாப்பர் என்று பெயர்; அதன் பக்கத் தகட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். வெதுவெதுப்பாக இருந்தால் எல்லாம் ஒழுங்கு. குளிர் முழுதாக இறங்காத ஒரு நாள் மாலை, வைத்த கையை வெடுக்கென்று எடுக்க வேண்டியிருந்தது. கரி தணல்தட்டுக்கு இறங்கும் கழுத்துப் பகுதியில் பெயின்ட் பழுப்பேறியிருந்தது. பழுக்கக் காய்ந்த இரும்பின் வாடை. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. திறக்காமல் விட்டேனே, அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அடுப்பின் கையேட்டைத் தேடிப் பிடித்து, அதில் சொன்னபடி கரியை உந்தும் மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கழுத்தில் கனன்ற கரியைத் தட்டுக்கே தள்ளி வெளியேற்றினேன். அரை மணி நேரத்தில் தகடு ஆறியது. இந்த வைத்தியம் எல்லா அடுப்புக்கும் பொருந்தாது. என் அடுப்பின் அமைப்புக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். இனி இப்படி நடக்காமல் தடுக்க என்ன செய்வது என்று அதன் பிறகு உட்கார்ந்து யோசித்தேன். வழிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே தரம் அல்ல.

புதிதாக அடுப்பு வாங்க நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மாவு மில்லில் தானியம் கொட்டும் கூம்பு என்ன வேலை செய்கிறதோ, வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி அடுப்பில் ஹாப்பரும் அதையே செய்கிறது. மேலே கரியைக் கொட்டி மூடிவிட்டால், ஒரு நாளோ அதற்கு மேலோ அது தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். சில அடுப்புகளில் வெறும் எடையால் இறங்கும். ஸ்டோக்கர் என்கிற வகையில் ஒரு சின்ன மோட்டார் உந்துகட்டையையோ திருகையோ இயக்கிக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் தள்ளும். எரிவதற்கான காற்றை ஒரு ஃபேன் தட்டுக்கு அடியிலிருந்து ஊதும். தீ தட்டிலேயே நிற்க வேண்டும். அது தன் இடத்தை விட்டு, கரி வந்த வழியே பின்னோக்கி ஏறினால் அதுதான் ஹாப்பர் தீ.

இதைத் தடுக்க மூடியின் விளிம்பில் காற்றை அடைக்கும் நாடாவை, அதாவது கேஸ்கட்டை, மாற்றச் சொல்பவர்கள் உண்டு. புகைபோக்கி புகையை மேலே இழுக்கும் விசையை, அதாவது இழுப்பை, சரி செய்யச் சொல்பவர்கள் உண்டு. வெப்பத்தில் விழித்துக்கொள்ளும் சுவிட்ச், தானாகத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு, மின்வெட்டுக்கு பேட்டரி என்று விற்பவர்களும் உண்டு. ஹாப்பரே வேண்டாம், கையால் கரி போடும் அடுப்புக்கு மாறிவிடுங்கள் என்பவர்களும் உண்டு. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காற்றின் போக்கைச் சரி செய்யும் வழிகளுக்கே முதல் இடம். வெப்பத்தைக் கண்டபின் செயல்படும் கருவிகள் அதற்கு அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; விலை கூடிய கருவியை மாட்டிவிட்டு, புகைக்குழாயில் பாதிக்கு மேல் சாம்பல் அடைத்துக் கிடப்பதைப் பார்ப்பதில்லை.

தீ எதைத் தேடிப் போகிறது

ஹாப்பர் அடுப்புகளில் பெரும்பாலும் எரிவது அந்த்ரசைட் எனப்படும் கெட்டிக் கரி. ஏறக்குறைய முழுக்கக் கார்பன்; ஆவியாகிப் பிரியும் பொருள் மிகக் குறைவு. பட்டறைத் துருத்தி இல்லாமல் இது எரியாது என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வில்க்ஸ்-பார் ஊரில், 1808 பிப்ரவரி 11 அன்று ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் இரும்புக் கம்பித் தட்டு ஒன்றில் இந்தக் கரியை வைத்துத் துருத்தி இல்லாமலேயே எரித்துக் காட்டினார். அடியிலிருந்து காற்று தடையின்றி ஏறினால் போதும் என்று தெரிந்தது. வீட்டு அந்த்ரசைட் அடுப்பின் கதை அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஹாப்பர் தீயைப் புரிந்துகொள்ளவும் அந்தக் கம்பித் தட்டே போதும். காற்று வரும் வழியில்தான் இந்தக் கரி எரியும். காற்று இல்லாத இடத்தில், பக்கத்திலேயே தணல் கனன்றாலும், வெறுமனே சூடேறிக் கிடக்கும். ஆகவே கரிப்பெட்டிக்குள் தீ ஏறுகிறதென்றால் அங்கே காற்றுக்கு ஏதோ ஒரு வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

அந்த வழி இரண்டு விதமாகத் திறக்கும். ஒன்று, மூடி சரியாகப் பொருந்தாமல் இருப்பது. புகைபோக்கி இழுக்கும்போது, அறைக் காற்று மூடியின் இடுக்கில் நுழைந்து கரிக்குவியல் வழியாகக் கீழே தணலை நோக்கி இறங்கும். தணல் அந்தக் காற்றை எதிர்கொண்டு மேலே நகரும்; ஊதுபத்தி முனையின் கங்கு இன்னும் எரியாத பக்கம் நோக்கி நகருவதைப் போல, மெதுவாக, புகை கூட இல்லாமல். இரண்டாவது, புகைபோக்கி அடைத்துக்கொள்வது அல்லது இழுப்பு செத்துப்போவது. ஃபேன் அடியிலிருந்து ஊதிக்கொண்டே இருக்க, வெளியேற வழியற்ற சூடான வாயு கரிக்கு நடுவே புகுந்து ஹாப்பருக்குள் ஏறும்.

ஒரே தீதான், ஆனால் காரணங்கள் நேர் எதிர். முதல் வகையில் இழுப்பு பலமாக இருந்தால் ஆபத்து கூடும். இரண்டாம் வகையில் குறைந்தால் கூடும். 'இழுப்பை அதிகமாக்கு, எல்லாம் சரியாகிவிடும்' என்ற அறிவுரை பாதி உண்மையாக நின்றுவிடுவது இதனால்தான்.

மூடி: விலை குறைவு, பலன் அதிகம்

மூடி காற்றுப் புகாமல் இருந்தால் மேலே சொன்ன இரண்டு வழிகளுமே பெரும்பாலும் அடைபடும். மேலே நுழைய வழி இல்லையென்றால் காற்று இறங்காது. மேலே வெளியேற வழி இல்லையென்றால் அடியிலிருந்து வாயுவும் எளிதில் ஏறாது. முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும். ஆகும் செலவு ஒரு நாடா கேஸ்கட்டும் வெப்பம் தாங்கும் பசையும் மட்டுமே.

என் அடுப்பில் கேஸ்கட் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டோக்கர்களில் போடும் கரியின் வணிகப் பெயரே 'அரிசிக் கரி'. அரை சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னான துணுக்குகள். அன்றைய மாலைக்குப் பிறகு மூடியைத் துடைத்துப் பார்த்தபோது, பின்பக்க விளிம்பில் அப்படி ஒரே ஒரு துணுக்கு கேஸ்கட்டில் பதிந்து உட்கார்ந்திருந்தது. மூடி மூடியதாகவே தெரியும். உண்மையில் அந்த ஒரு துணுக்கு, இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு இடுக்கைத் திறந்து வைத்திருந்தது. வாளியிலிருந்து கரியைக் கொட்டும்போது விளிம்பில் சிதறுவது இயல்பு. கொட்டியபின் ஒரு பழைய பெயின்ட் பிரஷால் நான்கு விளிம்பையும் தட்டிவிட்டு மூடுவதற்குப் பத்து வினாடி கூட ஆகாது.

சோதிக்க இரண்டு வழிகள். ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடம் பொருந்தவில்லை. இன்னொன்று எனக்குப் பிடித்தது: அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூடியின் விளிம்பை ஒட்டி மெதுவாக நகர்த்துவது. புகை நேராக மேலே போனால் நல்லது. ஓரிடத்தில் வளைந்து இடுக்கினுள் ஓடினால், காற்று உள்ளே போகும் வாசல் அதுதான். புகை வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டால் கதை வேறு. உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது, உடனே புகைபோக்கியைப் பார்க்க வேண்டும்.

மூடியின் குறை ஒன்று உண்டு. அது மனிதக் கையை நம்பியிருக்கிறது. தினமும் திறந்து மூடும் பொருளில் ஒரு நாள் கொக்கி மாட்ட மறந்துபோகும். தானே இழுத்து மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கொக்கி உள்ள ஹாப்பரை நான் விரும்புவது அதனால்தான்.

புகைபோக்கியின் இழுப்பு

அடுத்தது இழுப்பு. இதில்தான் அதிகப் பணமும் அதிகக் குழப்பமும்.

இழுப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. 'நன்றாகத்தான் எரிகிறது' என்பது அளவாகாது. மானோமீட்டர் என்ற சிறு கருவியைப் புகைக்குழாயில் துளையிட்டு இணைத்தால் எண் தெரியும். பல நிலக்கரி அடுப்புகளின் கையேடுகள் கேட்பது நீர்மட்டக் கணக்கில் 0.04 முதல் 0.06 அங்குலம் வரை. அதாவது 10 முதல் 15 பாஸ்கல். தபால்தலை ஒன்றை ஊதி நகர்த்தும் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் கரியமில வாயுவும் கார்பன் மோனாக்சைடும் பரவாமல் காப்பது இவ்வளவு மெல்லிய இழை.

அந்த இழை பருவத்துக்கு ஏற்ப எப்படித் தேய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 மீட்டர் உயரப் புகைபோக்கி. வெளியே 0 டிகிரி குளிர். அடுப்பு நன்றாக எரிந்து புகையின் சராசரி வெப்பம் 100 டிகிரி செல்சியஸ். கணக்குப்படி இழுப்பு சுமார் 20 பாஸ்கல். அதே புகைபோக்கி, வெளியே இதமான 15 டிகிரி, அடுப்பு தணலை மட்டும் காத்துக்கொண்டு சோம்பி எரிவதால் புகை 50 டிகிரிதான் என்றால், சுமார் 8 பாஸ்கல். பாதிக்கும் கீழே. இதோடு சமையலறைப் புகை உறிஞ்சும் ஃபேனைப் போட்டால், அது வீட்டுக் காற்றை வெளியேற்றி அந்த எட்டிலும் பங்கு கேட்கும். கடுங்குளிரில் ஒழுங்காக ஓடிய அடுப்பு, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தொல்லை கொடுப்பது ஏன் என்பதற்கு இந்த இரண்டு எண்களே விடை. எனக்கு நேர்ந்ததும் அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான்.

இழுப்பைச் சரி செய்ய உள்ள வழிகளில் சுத்தம் செய்வதற்கு இணை எதுவும் இல்லை. அந்த்ரசைட் கரி விறகைப் போலத் தார்ப்படலம் விடாது. பதிலாக மாவு போன்ற சாம்பல்நிறத் தூசியை விடும். அது முழங்கை வளைவிலும் படுக்கைவாட்டுக் குழாயின் அடியிலும் புகைபோக்கியின் பாதத்திலும் படியும். என் குழாயைக் கழற்றியபோது படுக்கைவாட்டுத் துண்டில் கால்வாசி இடம்தான் திறந்திருந்தது. மீதியெல்லாம் அந்தத் தூசி. தட்டியதும் விபூதி கொட்டுவதுபோல் கொட்டியது. பருவத்துக்கு ஒரு முறை போதும் என்று இருந்தேன். இப்போது நடுவில் ஒரு முறையும் கழற்றுகிறேன். பருவம் முடிந்ததும் கழற்றிக் கழுவி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கந்தகம் கலந்த அந்தத் தூசி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி மெல்லிய குழாயை அரித்துவிடும்.

சுத்தம் செய்தும் எண் ஏறவில்லையென்றால் புகைபோக்கியின் உயரம், அதன் உள்ளுறை, அது வீட்டுக்கு வெளியே நின்று குளிர்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அவை பெரிய வேலைகள். ஆனால் ஒரு முறை செய்தால் ஆயுளுக்கும் நிற்கும். பலர் இங்கே குறுக்கு வழி தேடி, புகைக்குழாயில் உறிஞ்சு ஃபேன் ஒன்றை மாட்டுகிறார்கள். அது வேலை செய்கிறது, மின்சாரம் உள்ளவரை. அதன் இறக்கைகளில் அதே மாவுத் தூசி படிந்து சமநிலை தவறி அதிரத் தொடங்கும். புகைபோக்கியே இல்லாமல் சுவர் வழியாகப் புகையைத் தள்ளும் அடுப்புகளில் முழுப் பாரமும் அந்த ஃபேன்மேல்தான். அது நின்ற நொடியில் இழுப்பு பூஜ்ஜியம். ஹாப்பர் தீயை மட்டும் வைத்து எடை போட்டால், நல்ல செங்குத்துப் புகைபோக்கி உள்ள அடுப்பைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

இழுப்பு அதிகமாக இருப்பவர்களுக்கு பாரோமெட்ரிக் டேம்பர். எடை சமன் செய்த ஒரு கதவுதான் அது. இழுப்பு குறித்த அளவைத் தாண்டினால் தானே திறந்து அறைக் காற்றைக் குழாய்க்குள் விட்டுச் சமன் செய்யும். கையால் திருகும் டேம்பரோடு ஒப்பிட்டால் இதன் பக்கமே நிற்பேன். காற்று பலமாக வீசும் இரவில் எழுந்து போய் யாரும் டேம்பரைத் திருகப்போவதில்லை. திருகி மூடிய டேம்பரை மறந்துவிட்டால் விளைவு உயிருக்கே உலை. மானோமீட்டர் இல்லாமல் பாரோமெட்ரிக் டேம்பரை மாட்டி, கதவின் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துச் சரி செய்வதோ குருட்டுக் கணக்கு.

பெட்டியை நிரப்பலாமா, பாதியோடு நிறுத்தலாமா

'தீ பிடித்தாலும் கரி குறைவாக இருந்தால் சேதம் குறைவுதானே' என்று பாதி ஹாப்பரோடு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்த மாலைக்குப் பிறகு சில நாள் அப்படிச் செய்தேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கரிக்குவியலே ஓர் அடைப்பு. கழுத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நெருக்கமாகக் கரி இருக்கும்போது, காற்றும் வாயுவும் அதனூடே நுழைந்து போவது கடினம். கரி இறங்கி இறங்கி அடிச் சரிவில் நாலைந்து கை மட்டும் மிஞ்சும்போது தணலுக்கும் வெற்றுப் பெட்டிக்கும் நடுவே தடுப்பு மெலிந்துவிடுகிறது. ஃபேன் ஊதும் காற்று எளிதான வழியைப் பார்த்து ஹாப்பருக்குள் திரும்புகிறது. ஹாப்பரைக் காலியாக விடாதீர்கள் என்று கையேடுகள் எச்சரிப்பது அடுப்பு அணைந்துவிடும் என்பதற்காக மட்டும் அல்ல.

ஆகவே குறைவாக நிரப்புவதில் உள்ள லாபம் தீ பிடித்தபின் வரும் லாபம். நிறைவாக வைப்பதில் உள்ள லாபம் தீ பிடிக்காமலிருக்க வரும் லாபம். எனக்கு இரண்டாவது போதும். கால்வாசிக்குக் கீழே இறங்க விடுவதில்லை என்பது இப்போது வீட்டில் விதி.

எந்தக் கரி என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் ஒப்பிட அதிகம் இல்லை. அந்த்ரசைட்டுக்கென்று செய்த ஹாப்பரில் பிட்டுமினஸ் எனப்படும் மென்கரியைப் போடக்கூடாது. அது சூட்டில் இளகி உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் பாலம் கட்டி நிற்கும். பாலத்துக்கு அடியில் வெற்றிடம் உண்டாகி, எளிதில் பற்றும் வாயு அங்கே தங்கும். விறகுத் துண்டோ மரக்குருணையோ கலப்பதும் அதே தவறு. அந்த்ரசைட் பற்ற வேண்டிய வெப்பத்துக்கு வெகு முன்பே மரம் பற்றிவிடும். மூட்டையின் அடியில் தங்கும் தூள்கரியைச் சலித்து ஒதுக்குவது நல்லது. அது கழுத்தில் அடைத்துக்கொண்டு கரி இறங்குவதைத் தடுக்கும்.

தட்டைப் படிப்பது

கருவி எதுவும் வாங்காமல் கிடைக்கும் இன்னொரு எச்சரிக்கை உண்டு. கண்ணாடிக் கதவு வழியே தணல்தட்டைப் பாருங்கள். உந்தித் தள்ளும் வகை ஸ்டோக்கரில் பின்கோடியில் கருகருவென்று பற்றாத கரி ஒரு பட்டையாகத் தெரிய வேண்டும். நடுவில் ஆரஞ்சுத் தணலும் அதன்மேல் ஆடும் நீலச் சுடரும். முன் விளிம்பில் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ வெந்து தணிந்த சாம்பல். இதில் நாம் காவல் காக்க வேண்டியது அந்தக் கறுப்புப் பட்டையை. அது மெலிந்து, தணல் பின்சுவரைத் தொட்டுவிட்டால் அடுத்து அது போக இருக்கும் இடம் கழுத்துதான்.

இப்படி ஆவதற்குப் பொதுவான காரணம், வீட்டுக்கு வெப்பம் தேவைப்படாத நேரத்தில் தணலைக் காக்க வைத்திருக்கும் டைமர். அரை மணிக்கு ஒரு முறை ஓரிரு நிமிடம் என்று மிகக் குறைவாக வைத்தால், கரி வருவதைவிட வேகமாகத் தணல் பின்னோக்கித் தின்றுகொண்டே போகும். கரியை மிச்சம் பிடிக்க வேண்டுமென்று டைமரைக் குறைத்துக்கொண்டே போகிற சிக்கனக்காரர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெப்ப சுவிட்சும் தண்ணீரும்

இனி இரண்டாம் வரிசை. ஹாப்பரின் கழுத்தில் ஒட்டும் வெப்ப சுவிட்ச் மலிவானது, சிறியது. குறித்த சூட்டைத் தாண்டியதும் மின்சுற்றைத் துண்டிக்கும் அல்லது மணி அடிக்கும். கேள்வி என்னவென்றால், எதைத் துண்டிப்பது? ஊதும் ஃபேனை நிறுத்துவது பொதுவாக நல்லது. உந்தும் மோட்டாரையும் சேர்த்து நிறுத்தினால் கனலும் கரி கழுத்திலேயே குந்திவிடும். ஓட விட்டால் அதைத் தட்டுக்குத் தள்ளி வெளியேற்றும். திருகு வகையில் ஒரு முடிவு, உந்துகட்டை வகையில் வேறு முடிவு. அடுப்பைச் செய்தவர் இதை யோசித்தே சுவிட்சைப் பொருத்தியிருந்தால் அருமை. கடையில் தனியாக வாங்கி நாமே கம்பியை வெட்டி இணைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒலி மட்டும் எழுப்பும் வகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். என் புறங்கை செய்யும் வேலையை அது இரவிலும் செய்யும்.

தண்ணீர் வால்வு அதைவிடப் பெரிய ஏற்பாடு. ஐரோப்பாவில் தானியங்கியாகத் திட எரிபொருள் ஏற்றும் கொதிகலன்களுக்கான ஈ.என். 303-5 தரவிதி, தீ பின்னோக்கி ஏறாமல் காக்கும் ஏற்பாட்டைக் கேட்கிறது. போலந்து வீடுகளின் நிலக்கரிக் கொதிகலன்களில் இதற்கு ஓர் எளிய பழைய உத்தி உண்டு: கரி செல்லும் குழாய்க்கு மேலே தண்ணீர்த் தொட்டி, அதன் வாயில் மெழுகு அடைப்பு. குழாய் சூடேறினால் மெழுகு உருகும், தண்ணீர் இறங்கும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். அதன் பெயர் 'ஸ்ட்ராஷாக்'; அந்த மொழியில் தீயணைப்பு வீரர் என்று பொருள். பெயரிலேயே அதன் எல்லையும் இருக்கிறது. தீ வந்தபின் வருபவர்தான் தீயணைப்பு வீரர்.

அது வேலை செய்தால் நனைந்த கரியை அள்ளி, துருவேறும் தகட்டைக் காயவைத்து, திருகைச் சுத்தம் செய்ய ஒரு நாள் போகும். வீட்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆள் இல்லாத நேரத்தில் நீண்ட நேரம் ஓடும் பெரிய கொதிகலனுக்கு இதை நிச்சயம் வைக்கலாம். கூடத்தில், கண்ணெதிரே இருக்கும் சிறிய அடுப்புக்கு அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. வைப்பவர்கள் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, ஆவியாகிப்போனதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

தானாகத் திறக்கும் வால்வு ஆரம்பச் சூட்டில் கழுத்தை மட்டும் நனைக்கிறது. அதைப் பார்த்து, கொழுந்துவிட்டு எரியும் தணலில் நாம் வாளித் தண்ணீரைக் கொட்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது. சிவந்த கரிமேல் தண்ணீர் விழுந்தால் நீராவி வெடிப்பாகக் கிளம்பும். வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்த எரிவாயு பிறக்கும்.

மின்வெட்டு

ஸ்டோக்கர் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உந்துவதும் நிற்கும், ஊதுவதும் நிற்கும். தட்டில் உள்ள தணல் நிற்காது. புகைபோக்கி இயல்பாகவே நன்றாக இழுத்தால், மூடியும் இறுக்கமாக இருந்தால், தணல் பெரும்பாலும் தட்டிலேயே வெந்து அணையும். இழுப்பு ஃபேனை நம்பியிருக்கும் வீட்டில் அந்த நம்பிக்கை இல்லை. அங்கே பேட்டரி ஆடம்பரம் ஆகாது. வாங்கும்போது தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டராகப் பாருங்கள். படிக்கட்டு அலையில் இந்தச் சிறிய மோட்டார்கள் முனகிச் சூடேறும்.

ஹாப்பரே இல்லாவிட்டால்

கையால் கரி போடும் அடுப்பில் ஹாப்பர் தீ வரவே வராது. வருவதற்கு ஹாப்பர் இல்லை. மின்சாரமும் தேவையில்லை. நாளைக்கு இரண்டு முறை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம், சாம்பலை உலுக்கித் தள்ளிப் பெரிய அளவுக் கரியை அடுக்கினால் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஒரே அளவுகோலில் பார்த்தால் வெற்றி இதற்குத்தான்.

ஆனால் ஒரு கவலையைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்குகிறோம். தணல் முழுவதையும் புதுக் கரியால் மூடிவிட்டால் எழும் வாயு பற்ற வழியின்றித் தேங்கி, திடீரென்று பற்றிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெடிக்கும். ஒரு மூலையில் தணலைத் திறந்து விட்டு வைக்கத் தெரிய வேண்டும். கதவைத் திறந்து எரியும் அடுப்பின் முன் குனிந்து வேலை செய்வது தினசரி இரண்டு முறை. முதுகுவலிக்காரர்களுக்கும், வேலைக்குப் போய் நேரம் கழித்துத் திரும்புகிறவர்களுக்கும் இது நிலைக்காது. பழகியவர் வீட்டில் இருந்தால் மாறலாம். ஹாப்பர் தீக்குப் பயந்து மட்டும் மாறுவதை நான் ஏற்கவில்லை. மூடியையும் குழாயையும் கவனிக்க முடியாதவர் இந்த அடுப்பையும் கவனிக்கப் போவதில்லை.

மேலே சொன்ன எந்த வழியைத் தேர்ந்தாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று அடுப்பு உள்ள தளத்திலும், படுக்கையறைப் பக்கம் இன்னொன்றும் இருந்தே ஆக வேண்டும். அதில் பேரம் கிடையாது.

ஹாப்பரிலிருந்து புகையோ சுடரோ வெளியே தெரிந்தால் மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்குக் காரணமும் அந்த வாயுதான். காற்றுப் போதாமல் கனலும் கரி கார்பன் மோனாக்சைடைப் பெட்டிக்குள் நிரப்பி வைத்திருக்கும். காற்றில் அது 12.5 முதல் 74 சதவீதம் வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் பற்றும். மூடியைத் திறப்பவர் அந்தக் கலவையைத் தன் முகத்துக்கு நேரே தயாரித்துக் கொடுக்கிறார். வீட்டார் வெளியேறிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் சரி. நான் அன்று உள்ளேயே நின்று மோட்டாரை ஓடவிட்டது, புகையோ சுடரோ இல்லாமல் தகடு மட்டும் சூடாக இருந்ததால். ஒரு படி முன்னேறியிருந்தால் நானும் வாசலுக்கு ஓடியிருப்பேன்.

கடைசியில் நான் செய்தவை இவ்வளவுதான். துணுக்கு பதிந்த கேஸ்கட்டை மாற்றினேன். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, வளைவுக்குப் பதில் திறந்து பார்க்கும் மூடி உள்ள இணைப்பைப் போட்டேன். சுவரில் மானோமீட்டர் தொங்குகிறது. குளிர் தணிந்த நாளில் எண் மிகவும் இறங்கினால், டைமரைக் குறைப்பதற்குப் பதில் அடுப்பையே அணைத்துவிடுகிறேன். கழுத்தில் ஒலிக்கும் சுவிட்ச் ஒன்று ஒட்டியிருக்கிறது. இதுவரை அது வாய் திறக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வாங்கவில்லை. பெயின்ட் பிரஷ் ஹாப்பரின் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது, அதன் முடியெல்லாம் கரியேறி.